பட்டாம்பூச்சி ஏன் சாய்ந்து படுக்கிறது?

கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “நாலு மணிக்கு வேலை முடிந்து வரும்போது, புல்வெளியில் ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சி இறக்கையை மூடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. தேயிலைக்கு அடித்த மருந்தால் செத்துவிட்டதோ என்று எடுக்கப் போனேன், பறந்துவிட்டது. அதற்கு என்ன ஆயிற்று?”

ஒன்றும் ஆகவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் வேலை விட்டதும், மேகம் இறங்காத நாளாக இருந்தால், நானும் ஊட்டிக்கு வெளியே ஒரு புல்சரிவில் போய் உட்காருவேன். நீலகிரி கிளவுடட் எல்லோ என்னும் மஞ்சள் பட்டாம்பூச்சியை அங்கேதான் பார்க்கிறேன். நம் தென்பகுதி மலைகளின் உச்சிப் புல்வெளிகளைத் தவிர வேறெங்கும் இது கிடையாது. அவர் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

இறக்கையை அசைக்கும் தசை மார்பில் இருக்கிறது. அது சூடேறினால்தான் வேலை செய்யும். இதே குடும்பத்து அமெரிக்கப் பட்டாம்பூச்சிகளை வார்ட் வாட் என்பவர் ஆராய்ந்து 1968-ல் எழுதினார். அவை நன்றாகப் பறக்க உடம்பு 35 முதல் 39 டிகிரி வரை இருக்க வேண்டுமாம். நம் ஊட்டியில் மே மாதச் சாயங்காலக் காற்றே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மீதிச் சூட்டை வெயிலிடம்தான் வாங்க வேண்டும்.

பல பட்டாம்பூச்சிகள் இறக்கையை விரித்து முதுகைக் காட்டி வெயில் காயும். இந்த மஞ்சள் இனம் உட்கார்ந்தால் இறக்கையை விரிப்பதே இல்லை. பக்கவாட்டைத்தான் காட்டும். கதிர் ஒரு பரப்பில் நேர்க்குத்தாக விழுந்தால்தான் முழுச் சூடும் கிடைக்கும் அல்லவா? அதற்காகத்தான் சாய்கிறது. நாலு மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் 35, 40 பாகையில் நிற்கும். பூச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவு சாய வேண்டும். பார்ப்பவருக்குச் செத்துக் கிடப்பதுபோலத் தெரியும். ஐந்தரைக்குச் சூரியன் 15 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது லேசாகச் சாய்ந்தாலே போதும். வெயில் இறங்க இறங்கப் பூச்சி நிமிரும். ஒரே இடத்தில் ஒரு மணிநேரம் பொறுமையாக உட்கார்ந்தால் இந்தக் கணக்கைக் கண்ணாலேயே சரிபார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. மூடிய இறக்கையின் வெளிப்புறம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். அங்கே பச்சை நிறமே கிடையாது. மஞ்சள் செதில்களுக்கு நடுவே கறுப்புச் செதில்கள் தூவினாற்போல் இருப்பதால் கண்ணுக்கு அப்படிப் படுகிறது. கறுப்பு வெயிலை உறிஞ்சும். ஆனால் இறக்கை மெல்லிய சவ்வு, சூட்டைத் தூரம் கடத்தாது. அதனால் நுனியில் கறுப்பு இருந்து பயனில்லை. உடம்பை ஒட்டிய அடிப்பகுதியில் விழும் வெயில்தான் மார்புக்குப் போய்ச் சேரும். குளிர் அதிகமான உயரங்களில் வாழ்பவற்றுக்கு அந்த இடத்தில் கறுப்பு கூடுதல் என்பதையும் வாட் காட்டினார்.

இதற்கெல்லாம் திறந்த வெயில் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த சீகை மரம் (வாட்டில்) நம் புல்வெளிகளை எவ்வளவு விழுங்கிவிட்டது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னமும் புல்மேட்டைத் தரிசு என்று சொல்லி மரக்கன்றோடு வருகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அந்த இடத்தில் மரம் நடுவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. நிழல் விழுந்த புல்லில் இந்தப் பூச்சியால் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியாது.

அப்புறம், அடுத்த முறை பார்த்தால் எடுக்காதீர்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் தள்ளி உட்காருங்கள்.