பட்டியலில் பேர் இல்லை

2020 ஊரடங்கின்போது சித்தப்பா பொள்ளாச்சியிலிருந்து எல்லை தாண்டி, கேரளத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பாஸ் கையில் இருந்தது. எல்லைச் சாவடியில் இருந்தவர் ஒரு தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உங்க பேரு இதுல இல்லைங்களே” என்றார். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்ற பிறகுதான் அது முந்தின நாள் தாள் என்று தெரிந்தது.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அந்தத் தாளில் பேர் இல்லைதான். ஆனால் கேட்ட சித்தப்பாவுக்கு அது “அனுமதி இல்லை” என்றே பட்டது. ஏஐ ஏஜென்ட்டுகள், அதாவது தாமே கருவிகளை இயக்கி வேலை முடிக்கும் ஏஐ நிரல்கள், ஃபயர்வால் விதிகளைத் தேடிப் பார்க்கப் பயன்படுத்தும் ஒரு கருவிக்கு விளக்கக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது, எனக்கு அந்தச் சாவடிதான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

ஃபயர்வால் செய்கிற வேலை எளிது. நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் (தரவின் சிறு பொட்டலம்) எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்த புரோட்டோகால் (பேசும் முறை), எந்த போர்ட் (வாசல் எண்) என்று பார்த்து, விதிப்படி விடும் அல்லது தடுக்கும். வருஷக்கணக்கில் ஓடும் நெட்வொர்க்கில் விதிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். “இந்த சர்வரிலிருந்து அந்த டேட்டாபேஸுக்கு வழி திறந்திருக்கிறதா?” என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அத்தனையையும் மனிதர் புரட்ட முடியாது. அதனால்தான் தேடும் கருவி.

தேடுவது என்றால் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது அல்ல. விதியில் 10.50.4.0/22 என்று ஒரு முகவரித் தொகுதி இருக்கும். நாம் கேட்பது 10.50.6.7 என்ற ஒரு கணினி முகவரியைப் பற்றி. வெறும் எழுத்தாகத் தேடினால் அகப்படாது. ஐபிவி4 என்ற இவ்வகை முகவரிக்கு 32 பிட் (0 அல்லது 1). /22 என்றால் முதல் 22 பிட் ஒத்துப்போனால் போதும், மீதி 10 பிட் எப்படியும் இருக்கலாம். அப்படிக் கிடைப்பவை 10.50.4.0 முதல் 10.50.7.255 வரை 1024 முகவரிகள். 10.50.6.7 அதற்குள்தான் இருக்கிறது. முகவரி அந்த வரம்புக்குள் விழுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதே கருவியின் முதல் வேலை.

அப்புறம் வரிசை. இதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். 7-ஆம் விதி அனுமதிக்கிறது, 40-ஆம் விதி தடுக்கிறது, இரண்டுமே பொருந்துகின்றன என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தியதோடு முடிவெடுத்துவிடும், வழி திறக்கும். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஃபயர்வாலான பிஎஃப் கடைசியாகப் பொருந்தியதையே எடுத்துக்கொள்ளும், 7-ஆம் விதியில் ‘குயிக்’ என்ற சொல் இல்லாதவரை, வழி மூடும். அமேசான் கிளவுடின் ஃபயர்வாலான செக்யூரிட்டி குரூப்பில் வரிசையே கிடையாது, தடுக்கும் விதியும் கிடையாது. ஆகவே கருவி பொருந்திய விதிகளை மட்டும் அள்ளிக் கொடுத்தால் போதாது. எந்த விதி முடிவு செய்தது, எந்த முறைப்படி என்பதையும் சொல்ல வேண்டும்.

சரி, இதை ஏஜென்ட்டுக்கு எப்படிப் புரியவைப்பது? ஏஜென்ட்டுக்குள் இருந்து கருவியைக் கூப்பிடும் ஏஐ மாடல் பெரும்பாலும் அதன் நிரலைப் பார்ப்பதில்லை. ஏஐ நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட, மாடல்களை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது முறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகாலில், கருவியின் பெயரும், சில வரி விளக்கமும், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற அமைப்பும் மாடலுக்குப் போய்ச் சேரும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் சந்தேகம் வந்தால் “அண்ணா, இதுக்கு என்ன அர்த்தம்?” என்று பக்கத்து மேஜையில் கேட்பான். மாடல் பல சமயம் கேட்காமல், பொருத்தமாகத் தோன்றும் ஓர் ஊகத்தை வைத்து இடைவெளியை நிரப்பிவிடும்.

முதலில் நான் எழுதியது ஒரே வரி: “ஃபயர்வால் விதிகளைத் தேடும்.” அதைப் படித்த ஏஜென்ட், வெற்றுப் பட்டியல் வந்ததும், “தடை எதுவும் இல்லை, வழி திறந்திருக்கிறது” என்று பதில் எழுதியது. அந்த ஃபயர்வாலில் எந்த விதியும் பொருந்தாவிட்டால் தடுப்பதுதான் இயல்பு. பதில் தலைகீழ். அதை நம்பி ஒருவர் வேறெங்கோ கோளாறு தேடி அரை நாளைச் செலவழித்திருப்பார்.

இப்போது குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: “குறிப்பிட்ட ஓர் இணைப்பை இந்த ஃபயர்வால் விடுமா என்று அறியப் பயன்படுத்தவும். எந்த விதியும் பொருந்தவில்லை என்றால் இயல்பு முடிவு பொருந்தும், அது தடை. தேடலே நடக்கவில்லை என்றால் ‘தேட முடியவில்லை’ என்று வரும். அதை அனுமதியாகவோ தடையாகவோ கொள்ளக்கூடாது. விதிகளை இந்தக் கருவி மாற்றாது.” கருவியும் வெற்றுப் பட்டியல் தருவதை நிறுத்திவிட்டது. என்ன முடிவு, எந்த விதியால், தான் தேடும் விதிகளின் நகல் எடுத்த நேரம் எது என்று மூன்றையும் ஒவ்வொரு பதிலிலும் தருகிறது. அந்த நேரம் சித்தப்பாவுக்காகச் சேர்த்தது.

இன்னொன்றையும் சேர்த்தேன். எங்கள் பக்கம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று எல்லை தாண்ட எத்தனையோ வழி. ஒரு சாவடியில் கேட்டுவிட்டு இன்னொரு வழியாகப் போனால் அங்கே வேறு பதில் கிடைக்கலாம். நெட்வொர்க்கிலும் ஒரு பாக்கெட் இரண்டு மூன்று ஃபயர்வால்களைக் கடந்து போவதுண்டு. “இந்தப் பதில் இந்த ஒரு ஃபயர்வாலுக்கு மட்டும்” என்ற வரி இல்லாவிட்டால், ஒரு வாசல் திறந்திருப்பதை முழுப் பாதையும் திறந்திருப்பதாக ஏஜென்ட் சொல்லிவிடும்.

குறிப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பதில் தெரிந்த பத்துக் கேள்விகளை ஏஜென்ட்டிடம் கேட்கிறேன். அதில் இரண்டு கேள்விகளுக்கு, விதிகளின் நகலை வேண்டுமென்றே எடுத்துவிட்டுக் கேட்பேன். போன வாரம் இரண்டுக்குமே “தேட முடியவில்லை, நகல் கிடைத்ததும் மறுபடி பார்க்க வேண்டும்” என்று பதில் வந்தது.