போட்டோ எங்கேயும் போகவில்லை

அத்தை போன் செய்தபோது அழாத குறை. "டேய், கல்யாண போட்டோ அத்தனையும் போச்சுடா. ஃபோல்டரைத் திறந்தா எல்லாத்துக்கும் ஒரே மலைப் படமா தெரியுது."

"ஏதாவது ஒண்ணை டபுள் கிளிக் பண்ணுங்க அத்தை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "முகூர்த்தம் தெரியுதுடா!"

நாம் ஃபோல்டரில் பார்ப்பது போட்டோவே அல்ல. அதைப் பார்த்து எடுத்த குட்டி நகல். தம்ப்நெயில் என்பார்கள், கட்டைவிரல் நகம் அளவுப் படம். போனில் எடுத்த போட்டோ ஒன்று சாதாரணமாகவே 3, 4 எம்பி இருக்கும். ஃபோல்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணூறு போட்டோவைப் பிரித்துச் சுருக்கிக் காட்டினால் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அதனால் விண்டோஸ் ஒரே ஒரு முறை சுருக்கி, அந்த நகலைத் தனியாகச் சேமித்துக்கொள்கிறது. நகலைக் காட்டாதபோது எல்லாப் போட்டோவுக்கும் பொதுவான ஓர் ஐகானைக் காட்டும், அத்தை பார்த்த மலை அதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அந்தந்த ஃபோல்டரிலேயே 'தம்ப்ஸ்.டிபி' என்று ஒரு ஃபைல் ஒளிந்திருக்கும். அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து எல்லாம் ஒரே இடத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பயனருக்கும் 'ஆப்டேட்டா' என்ற ஃபோல்டருக்குள் 'தம்ப்கேஷ்' என்று தொடங்கும் ஃபைல்கள் வரிசையாக இருக்கும். பெயரில் வரும் 96, 256 எல்லாம் படத்தின் அளவு, பிக்சலில். எந்தப் போட்டோவின் நகல் எங்கே கிடக்கிறது என்று சொல்ல ஓர் அட்டவணை ஃபைலும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் இவற்றில் ஏதாவது கெட்டால், கறுப்புக் கட்டமோ தப்பான படமோ வரலாம். போட்டோவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வேடிக்கை என்னவென்றால், போட்டோவை அழித்த பிறகும் நகல் இங்கே தங்கிவிடுவதுண்டு. கணினித் தடயவியல்காரர்கள் முதலில் துழாவும் இடங்களில் இதுவும் ஒன்று.

சரி, அத்தை வீட்டுக்கு வருவோம். லிஸ்ட், டீடெய்ல்ஸ் பார்வையில் குட்டிப் படம் வராது என்பதால் முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், 2 மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். ஐகான் பெரிதானது, மலை மலையாகவே இருந்தது. அடுத்து ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'வியூ' பக்கம். அங்கே 'ஆல்வேஸ் ஷோ ஐகான்ஸ், நெவர் தம்ப்நெயில்ஸ்' என்ற வரியில் டிக் இருந்தது. அகப்பட்டான் திருடன்! கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று பேரன் இறக்கி வைத்த ஏதோ ஒரு மென்பொருளின் கைவரிசை.

அந்த டிக் இல்லாமலும் படம் வராவிட்டால், விண்டோஸின் துப்புரவுக் கருவியான 'டிஸ்க் கிளீனப்'பில் சி டிரைவைத் தேர்ந்து 'தம்ப்நெயில்ஸ்' என்பதை மட்டும் அழிக்கலாம். பக்கத்திலேயே 'டவுன்லோட்ஸ்' இருந்தால் அதைத் தொட்டுவிடாதீர்கள், அது நிஜமான ஃபைல்கள். டாஸ்க் மேனேஜரில், ஃபோல்டர்களைக் காட்டும் புரோகிராமான 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. கீழே உள்ள டாஸ்க்பார் ஒரு நொடி மறைந்து வரும். அதையும் இதே புரோகிராம்தான் வரைகிறது, பயப்பட வேண்டாம்.

சில போட்டோவுக்கு மட்டும் படம் வரவில்லையா? ஃபைல் பெயரின் கடைசியில் 'ஹெய்க்' (HEIC) இருக்கிறதா பாருங்கள். 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் எடுக்கும் வகை இது. இதைப் பிரிக்கத் தெரிந்த துணை மென்பொருள் கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் நகல் எடுக்க வழியில்லை, டபுள் கிளிக் செய்தாலும் திறக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன டபுள் கிளிக் சோதனையை நம்பி, போட்டோ கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அத்தை டிக்கை எடுத்தார். பேரனின் மென்பொருள் பழைய நகல்களையும் துடைத்திருக்க வேண்டும். எல்லாம் புதிதாகத் தயாராகி ஒவ்வொன்றாக வந்தன. போனை வைக்காமல் அவர் வாசித்துக்கொண்டே போனார்: "மாப்பிள்ளை அழைப்பு வந்துடுச்சு... ஊஞ்சல் வந்துடுச்சு... ஐயோ, உங்க மாமா சாப்பிட்டுட்டே தூங்குறது வந்துடுச்சுடா!"