வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு

காலை 7.30 மணிக்குப் பாடசாலை தொடங்கியதும் ஆசிரியர்களின் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இடுவது அதிபர்களாகிய நம்மெல்லோருக்கும் பழகிப்போன வழக்கம். பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து உட்புறமாக அமைந்த ஒரு பாடசாலையில் அதிபராகப் பொறுப்பேற்ற புதிதில், அந்தக் கோட்டை ஒரு நிமிடமும் பிந்தாமல் இடுவதே நல்ல நிர்வாகம் என்று நான் நம்பியிருந்தேன். பிந்தி வந்து கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டவர்களுள் பலர், யாழ்ப்பாணத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு, பரந்தனில் பஸ் மாறி வருகின்றவர்கள்.

கணித ஆசிரியை ஒருவர் தொடர்ந்து மூன்று நாட்கள் பிந்தி வந்தார். மூன்றாம் நாள் ஆசிரியர் கூட்டத்தில், எல்லோரும் இருக்கும்போதே, "ரீச்சர், பிள்ளையள் உங்களைப் பாத்துக்கொண்டிருக்கினம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மேசையிலிருந்த கொப்பிகளை அடுக்கினார்; அடுக்கியவற்றையே கலைத்து மறுபடியும் அடுக்கினார். மறுநாளிலிருந்து நேரத்துக்கு வந்தார். ஆனால் சாதாரண தரப் பிள்ளைகளுக்குத் தாமாக விரும்பி எடுத்துவந்த பின்னேர வகுப்பை நிறுத்திக்கொண்டார். பரந்தனிலிருந்து வரும் காலை பஸ் அந்த வாரம் ஓடவில்லை என்பதைப் பகுதித்தலைவர் சொல்லித்தான் அறிந்தேன். அலுவலகத்துக்கு அழைத்து, "என்ன பிரச்சினை ரீச்சர்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். பிறகு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆயினும் பலர் முன்னிலையில் ஏற்பட்ட காயம் தனியறையில் ஆறிவிடுவதில்லை.

அடுத்த தவணை நேரசூசியை மாற்றினோம். தூரத்திலிருந்து வருகின்றவர்களுக்கு முதற் பாடவேளை ஒதுக்கப்படவில்லை. அதை ஊரிலேயே இருக்கும் ஆசிரியர்கள் ஏற்றார்கள், அவர்களுக்குக் கடைசிப் பாடவேளை ஓய்வாக விடப்பட்டது. சிவப்புக் கோடு இன்றும் 7.30க்கே இடப்படுகிறது. நேரசூசியை இப்படி மாற்றியதை விதியைத் தளர்த்துவதாகச் சில அதிபர்கள் கருதுகிறார்கள்; நான் அப்படிக் கருதவில்லை. காரணமின்றிப் பிந்துகின்றவரிடம் எழுத்துமூல விளக்கம் கேட்கிறேன், தேவையானால் சம்பவத்திரட்டுப் புத்தகத்திலும் பதிகிறேன். ஆனால் அதற்குமுன் இருவர் மட்டும் இருந்து பேசும் பேச்சு ஒன்று கட்டாயம் நடக்கிறது.

பாராட்டு மட்டும் எல்லோர் முன்னிலையிலும் இருக்கட்டும். அதுவும் "நல்லாப் படிப்பிக்கிறீங்கள்" என்று பொதுவாக அல்ல. வகுப்பறையில் நாம் கண்டது எது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

வன்னியில் பணிபுரியும் அதிபர் மறக்கக்கூடாத வேறொன்றும் உண்டு. நமது ஆசிரியர்களிலும் ஊழியர்களிலும் 2009இல் போரின் இறுதிக்கட்டத்தில் உறவுகளை இழந்தவர்கள் இருக்கிறார்கள். மே மாதத்தில் ஒருவர் வழக்கத்தைவிட மௌனமாக இருந்தாலோ, நினைவுநாளான 18ஆம் திகதி லீவு கேட்டாலோ, காரணத்தைக் கிளறாமல் அந்த வகுப்புக்கு ஆள் ஏற்பாடு செய்துவிடுவதே முறை.

பெற்றோர் விடயத்திலும் முதலில் நான் தவறாகவே கணித்தேன். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு மிகச் சிலரே வந்தபோது, அக்கறையில்லாத சமூகம் என்று மனத்துக்குள் முடிவுகட்டினேன். அது மாசி மாதம், காலபோக நெல் அறுவடைக்காலம். கூலிக்குப் போகும் தாய்மாருக்கு ஒரு நாள் தவறினால் அன்றைய சமையலே கேள்விக்குறி. அறுவடை முடிந்தபின் ஒரு ஞாயிறு பின்னேரம் அதே கூட்டத்தை வைத்தோம். மண்டபத்தில் கதிரை போதவில்லை.

காவலாளியை ஆசிரியர் கூட்டத்துக்கு அழைக்கும் வழக்கம் எங்களிடம் இருக்கவில்லை. படலையில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கின்றவர் அவர் என்பதால், போன தவணை அழைத்தோம். தரம் 7இல் இரு பிள்ளைகள் ஏன் திங்கட்கிழமைகளில் மட்டும் வருவதில்லை என்பதை அவர் வாயிலாகத்தான் அறிந்தோம்.