அடி தெரியும் தண்ணீர்

மூன்று வாரமாகக் காய்ச்சல், வறட்டு இருமல், உடம்பெங்கும் தடிப்பு. டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, மலேரியாவும் இல்லை என்று ஒரு கட்டுப் பரிசோதனைத் தாள்களோடு வந்தார் அந்த இளைஞர். ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் கூடும் ஈசினோஃபில் என்ற வெள்ளணு மட்டும் 34 சதவீதம், அதிகம். வெளிநாடு போய் வந்தீர்களா என்றேன். "இரண்டு மாதத்துக்கு முன்பு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் ஒரு தீவு விடுதி. ஆனால் அங்கிருந்து எதுவும் வந்திருக்காது, டாக்டர். அடியில் கிடக்கும் கல்கூடத் தெரியும், அவ்வளவு சுத்தமான தண்ணீர்."

தெளிவான தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு. அந்த ஏரியின் நன்னீர் நத்தைகளிலிருந்து வெளிவரும் இளம் புழு, கண்ணுக்குத் தெரியாத அளவில், தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குடிக்க வேண்டியதில்லை, முழங்கால் நனைந்தாலே போதும். பில்ஹார்சியா என்பார்கள். இந்தியாவில் மகாராஷ்டிரத்தின் கிம்வி கிராமத்தைத் தவிர இந்நோய் அதிகம் பேசப்பட்டதே இல்லை. அதனால் நம் ஊர் மருத்துவர்களுக்கு இது சட்டென்று நினைவுக்கு வராது. பயணத்தைப் பற்றி நீங்களாகச் சொன்னால்தான் உண்டு.

மலாவி ஏரியின் திறந்த கரைகளில் இந்த நோய் இல்லை என்றுதான் 1980களின் நடுப்பகுதிவரை நம்பினார்கள். பிறகு கரையோரத்தில் மீன்பிடி வலைகள் பெருகின, நத்தை தின்னும் மீன்கள் குறைந்தன, நத்தைகளுக்குக் கொண்டாட்டம். ஏரியின் தென்கரையிலுள்ள கேப் மெக்ளியர் சுற்றுவட்டாரம் 1984 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலமாக இருந்தும் இதைத் தடுக்க முடியவில்லை.

சூரிய விளக்கு, ஓலைக் குடில், வாளி ஷவர் என்று இருக்கும் இந்த விடுதிகளை நான் குறை சொல்லவில்லை. விருந்தினர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் அந்த நீரூற்றாத மட்குக் கழிப்பறை இருக்கிறதே, என் கணக்கில் அங்கே உள்ளவற்றில் சிறந்தது அதுதான். புழுவின் முட்டை சிறுநீரிலும் மலத்திலும்தான் வெளியேறுகிறது. அது ஏரியில் சேராவிட்டால் நத்தைக்குத் தொற்றாது. ஆனால் ஒரு தீவு ஒழுங்காக இருந்தால் போதாது, ஏரி எல்லோருக்கும் பொது.

நாணலும் செடியும் அடர்ந்த ஓரங்களில் இறங்காதீர்கள். இந்தப் புழு அதிகம் வெளிவருவது நடுப்பகலில். வாளி ஷவருக்கு ஏரி நீர்தான் என்றால், கொதிக்க வைத்ததா, இரண்டு நாளாவது தேக்கி வைத்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். துண்டால் அழுந்தத் துடைத்தால் தப்பலாம் என்பதை நம்பி இறங்க வேண்டாம். மலேரியாத் தடுப்பு மாத்திரையும் கொசுவலையும் தனி. ஊர் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் அன்றே இரத்தம் பாருங்கள்.

ஏரியில் இறங்கியிருந்தால், கடைசியாக நனைந்த நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இந்நோய்க்குத் தரும் பிராசிகுவான்டெல் மாத்திரை வளர்ந்த புழுவைத்தான் கொல்லும். ஊர் வந்து இறங்கியதுமே விழுங்கினால் குஞ்சுப் புழுக்கள் தப்பிவிடும். எங்கள் இளைஞருக்கு முதலில் ஒவ்வாமையை அடக்க ஸ்டீராய்டு, பின்பு பிராசிகுவான்டெல், சில வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்று. தேறிவிட்டார்.

துணைக்கு வந்த அவர் மனைவி, தனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை என்று சிரித்தார். அவரும் அதே கரையில் படகு தள்ளியவர்தானே என்று அவருக்கும் இரத்தம் எடுத்தேன். பாசிட்டிவ்.