ஃபிளிப்டு, பிளெண்டட்: தமிழில் எப்படிச் சொல்வது?

சென்னைப் பள்ளிகளின் சேர்க்கைக் கையேடுகளில் இப்போது 'பிளெண்டட் லேர்னிங்', 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்' என்ற இரண்டு சொற்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பி.எட். படிப்பவர்களுக்கு இவை பாடத்திலேயே வருகின்றன. பெற்றோரில் பலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். 'கம்ப்யூட்டர் வச்சுச் சொல்லித் தர்றது' என்பதே பொதுவான புரிதல். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு பள்ளியில், ஸ்மார்ட் போர்டு மாட்டிய அறையைக் காட்டி 'இதுதான் எங்கள் பிளெண்டட் வகுப்பு' என்று என்னிடம் விளக்கினார்கள். ஆசிரியர் பேசுகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள்; கரும்பலகை இருந்த இடத்தில் திரை வந்திருக்கிறது. அதற்குப் பெயர் பிளெண்டட் இல்லை. அப்படியென்றால் எது பிளெண்டட், எது ஃபிளிப்டு, இவற்றைத் தமிழில் என்னவென்று சொல்வது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'பிளெண்ட்' என்ற ஆங்கில வினைக்குக் கலத்தல் என்று பொருள். கலந்த பிறகு எது எங்கே இருக்கிறது என்று பிரித்தெடுக்க முடியாதபடி ஒன்றாகிவிடுவதைக் குறிக்கும். வடக்கு ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் இருந்த 'பிளாண்டா' என்ற வினையோடு உறவுள்ள சொல் இது. கல்வித் துறைக்கு இது வந்த வழி பள்ளிக்கூடம் வழியாக அல்ல. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது, பாதியை நேரிலும் பாதியை இணையத்திலும் நடத்தத் தொடங்கின. அந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் அப்படியே பல்கலைக்கழகங்களுக்கும் அப்புறம் பள்ளிகளுக்கும் பரவியது. 2006ல் கர்டிஸ் போங்க், சார்லஸ் கிரஹாம் என்ற கல்வி ஆய்வாளர்கள் இருவரும் தொகுத்த கையேட்டில், நேருக்கு நேர் கற்பித்தலையும் கணினி வழிக் கற்பித்தலையும் இணைப்பது என்று இதற்கு விளக்கம் கொடுத்தார்கள்.

அந்த விளக்கம் சற்று தாராளமானது. பின்னால் மைக்கேல் ஹார்ன், ஹெதர் ஸ்டேக்கர் என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர்கள் இருவரும் பள்ளிகளை மனத்தில் வைத்து அதை இறுக்கினார்கள். அவர்கள் சொன்னதில் மூன்று அம்சங்கள் உண்டு. பாடத்தின் ஒரு பகுதியை மாணவர் இணையவழியில் கற்க வேண்டும்; அதில் நேரம், இடம், வேகம், வழி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது மாணவரின் கையில் இருக்க வேண்டும். இன்னொரு பகுதி, வீட்டுக்கு வெளியே பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். இரண்டு பகுதிகளும் ஒரே பாடமாகக் கோத்திருக்க வேண்டும். முதல் அம்சத்தில் வரும் 'மாணவரின் கையில்' என்பதைத்தான் நம் பள்ளிகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஸ்மார்ட் போர்டு அறையில் பிள்ளையின் கையில் எதுவும் இல்லை. படத்தை நிறுத்துவதும் ஓட்டுவதும் ஆசிரியர்தான்.

சென்னையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. சென்னை ஐஐடி 2020ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் பாடங்களை மாணவர்கள் காணொளியாக, தங்களுக்கு வசதியான நேரத்தில் பார்க்கிறார்கள். வாரந்தோறும் பயிற்சிகளை இணையத்தில் முடிக்கிறார்கள். தேர்வு மட்டும் நேரில், தேர்வு மையத்தில் எழுத வேண்டும். கல்லூரிகளைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக மானியக் குழு 2021ல் வெளியிட்ட கருத்துக் குறிப்பில் ஒரு பாடத்தில் 40 சதவீதம் வரை இணையவழியில் நடத்தலாம் என்ற அளவை முன்வைத்தது. 2020ன் தேசியக் கல்விக் கொள்கையிலும் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது. பள்ளிகளில் இதற்கான சாதனங்கள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் பக்கங்களில் க்யூஆர் குறியீடுகள் இருக்கின்றன. 2019 ஆகஸ்டில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2023ல் பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலி வந்தது. தோண்டத் தோண்ட ஊறும் மணல் கேணி போலக் கற்கக் கற்க அறிவு ஊறும் என்ற குறளிலிருந்து அந்தப் பெயரை எடுத்திருக்கிறார்கள். ஓர் அரசுச் செயலிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம்.

இனி 'ஃபிளிப்'. விரலால் சுண்டுவதைக் குறிக்கும் 'ஃபில்லிப்' என்ற சொல்லின் சுருக்கமாக இருக்கலாம் என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. நாணயத்தைச் சுண்டினால் அது பூவா தலையா என்று புரண்டு விழும் அல்லவா, அந்தப் புரளலே இன்று சொல்லின் முதன்மைப் பொருளாகிவிட்டது. வகுப்பறையில் எது புரள்கிறது? பள்ளியில் நடந்துகொண்டிருந்த விரிவுரை வீட்டுக்குப் போகிறது. வீட்டில் செய்துகொண்டிருந்த பயிற்சி பள்ளிக்கு வருகிறது.

இதன் வரலாற்றை 2007ல் தொடங்குவது வழக்கம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உட்லண்ட் பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று இரண்டு வேதியியல் ஆசிரியர்கள். வெளியூர் விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காக, பாடத்தைத் தங்கள் குரலோடு கணினித் திரையில் பதிவு செய்து வைத்தார்கள். வகுப்பில் இருந்த பிள்ளைகளும் அதையே போட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். அப்போது அந்த ஆசிரியர்களுக்கு ஒன்று பிடிபட்டது. பிள்ளைக்கு ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டிய நேரம், பாடம் கேட்கும் நேரம் அல்ல. கணக்கில் மாட்டிக்கொண்டு விழிக்கும் நேரம். அந்த நேரத்தில் அதுவரை பிள்ளை தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் எண்ணம் அவர்களுக்கு முந்தையது. ஓஹையோவின் மயாமி பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த லேஜ், பிளாட், டிரெக்லியா மூவரும் வகுப்பறையைத் தலைகீழாக்குவது பற்றி 2000ல் கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டில் வெஸ்லி பேக்கர் என்ற பேராசிரியர் 'ஃபிளிப்' என்ற சொல்லையே கையாண்டார். அதற்கும் முன்னால், 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மாஜுர் இருக்கிறார். தன் மாணவர்கள் கடினமான கணக்கைப் போட்டுவிடுகிறார்கள், ஆனால் அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தடுமாறுகிறார்கள் என்று கண்டதும், வகுப்பில் விரிவுரையைக் குறைத்தார். பாடத்தை முன்பே வாசித்து வரச் சொன்னார். வகுப்பில் ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், மறுபடி விடை. இவர்களில் மாஜுரே எனக்கு முக்கியமாகப் படுகிறார். அவருடைய முறைக்கு ஒரு புத்தகம் போதும், காணொளி கட்டாயமில்லை.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'அணுக்களும் மூலக்கூறுகளும்' பாடத்தை எடுத்துக்கொள்வோம். வியாசர்பாடியில் ஒரு மாணவி, முதல் நாள் இரவு, பாடநூலில் மோல் (மூலக்கூறுகளை எண்ண உதவும் அலகு) பற்றிய பகுதியை வாசித்துவிட்டு, அப்பா வேலை முடிந்து வந்ததும் அவர் போனில் ஒரு காணொளியையும் பார்க்கிறாள். புரியாத இடத்தில் நிறுத்துகிறாள்; இரண்டாம் முறை ஓட்டுகிறாள். மறுநாள் ஆசிரியர் மோல் என்றால் என்ன என்று தொடங்குவதில்லை. '36 கிராம் தண்ணீர், 36 கிராம் கார்பன் டை ஆக்சைடு. எதில் மூலக்கூறுகள் அதிகம்?' என்று பலகையில் எழுதுகிறார். எடை ஒன்றுதானே, எண்ணிக்கையும் ஒன்றுதான் என்று பல கைகள் உயர்கின்றன. 'சரி, பக்கத்தில் இருப்பவருக்கு அதை நிரூபித்துக் காட்டுங்கள்' என்கிறார் ஆசிரியர். அப்போதுதான் சத்தம் எழுகிறது. தண்ணீரின் மூலக்கூறு எடை 18, அதாவது 18 கிராம் ஒரு மோல், அப்படியென்றால் 2 மோல். மற்றது 44, ஒரு மோல்கூடத் தேறவில்லை என்று ஒருத்தி நோட்டில் போட்டுக் காட்ட, பக்கத்து மாணவி 'இரு, இரு' என்று திரும்பக் கணக்குப் பார்க்கிறாள். ஆசிரியர் மேசை மேசையாகப் போய், இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்காருகிறார். ஃபிளிப் என்ற சொல் குறிப்பது இந்த நாற்பது நிமிடத்தைத்தான். முதல் நாள் இரவின் காணொளி இதற்கான முன்வேலை மட்டுமே.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'புரட்டப்பட்ட வகுப்பறை' என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். புரட்டு என்றால் நமக்குப் பொய்யும் பித்தலாட்டமும்தான் நினைவுக்கு வரும். 'கவிழ்ப்பு வகுப்பறை' இன்னும் மோசம். படகும் ஆட்சியும்தான் கவிழும். 'தலைகீழ் வகுப்பறை' ஓரளவு நிலைத்துவிட்டது, ஆசிரியர் பயிற்சிக் கட்டுரைகளில் அதுதான் அதிகம் வருகிறது, ஆங்கிலச் சொல்லுக்கும் நெருக்கமானது. ஆய்வுக் கட்டுரையில் அதை எழுதினால் தவறில்லை. ஆனால் அதைக் கேட்கும் ஒரு தாய்க்கு, தன் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

இங்கேதான் நன்னூலைத் திறந்து பார்க்கத் தோன்றுகிறது. 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர், இலக்கணம் தொடங்குமுன் பாயிரத்தில் மாணவர் பாடம் கேட்கும் முறையை விரிவாகச் சொல்கிறார். ஒருமுறை கேட்டதை இரண்டாம் முறையும் கேட்டால் பிழையில்லாமல் கற்கலாம். மூன்றாம் முறையும் கேட்டால் பிறருக்கு முறையாக எடுத்துச் சொல்லலாம் என்கிறார். நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்க்கும் காணொளி இன்று இதற்குத்தான் வழி செய்கிறது. அடுத்து அவர் போடும் கணக்கு இன்னும் துல்லியம். ஆசிரியர் உரைத்ததை முழுதாக வாங்கிக்கொண்டாலும் மாணவருக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் கற்பவர்களோடு பழகிப் பயில்வதில் இன்னொரு கால். தான் கற்றதைப் பிறருக்கு உரைப்பதில் மீதி அரை. வியாசர்பாடி மாணவி பக்கத்தில் இருப்பவளுக்கு நிரூபித்துக் காட்டினாளே, அது அந்த அரைப் பங்கு. விரிவுரைக்கு முழு நேரத்தையும் கொடுக்கும் வகுப்பு கால் பங்கோடு நின்றுவிடுகிறது.

ஆகவே என் தேர்வு 'முன்கற்றல் வகுப்பு'. முன்பே கற்று வந்து பயிலும் வகுப்பு என்று சொல்லே வழி காட்டுகிறது. ஆசிரியர் பயிற்சியில் 'முன்னறிவு' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னறிவு மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது. முன்கற்றல் நாளைய வகுப்புக்காக இன்று செய்வது. இரண்டும் மோதாது.

பிளெண்டடுக்குக் 'கலப்புக் கற்றல்', 'கலவைக் கற்றல்', 'கலந்த கற்றல்' என்று மூன்றும் புழங்குகின்றன. நான் கலவையின் பக்கம். கலப்பு என்றதும் 'கலப்பில்லாத பால்' என்று தூய்மையைப் பற்றிய பேச்சு எட்டிப் பார்க்கும். கலப்படத்துக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை. கலவைக்கு அந்தக் குறை கிடையாது. கட்டட வேலையில் கலவை போடுபவர் சிமெண்டுக்கு இத்தனை பங்கு மணல் என்று அளந்துதான் போடுவார். பூச்சுக்கு ஓர் அளவு, கான்கிரீட்டுக்கு வேறு அளவு. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு இணையம், எவ்வளவு நேர்வகுப்பு என்று ஆசிரியர் அளக்க வேண்டியதை அந்தச் சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இரண்டுக்கும் உறவு என்ன என்றால், ஹார்ன், ஸ்டேக்கர் வகைப்பாட்டின்படி முன்கற்றல் வகுப்பு கலவைக் கற்றலின் ஒரு வகை. ஆனால் வாசித்து வருவதை மட்டும் வைத்துக்கொண்டு, இணையமே இல்லாமலும் முன்கற்றல் நடக்கும். அப்போது அது கலவை ஆகாது.

இந்த இரண்டுக்கும் இந்த ஊரில் பழைய சொந்தங்கள் உண்டு என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். 1789ல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் புகுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்றுத்தரும் ஏற்பாட்டையும் வளர்த்தார். 1797ல் லண்டனில் அவர் அதைப் பற்றி எழுதி வெளியிட்ட பிறகு, அது 'மதராஸ் முறை' என்ற பெயரில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ஒரு பள்ளிக்கு மதராஸ் கல்லூரி என்றே பெயர். பிறகு 2003ல், சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. தரையில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், ஏணிப்படி வரிசைப்படி அட்டைகளைத் தாங்களே எடுத்து, தங்கள் வேகத்தில் முன்னேறினார்கள். ஆசிரியர் அவர்களோடு தரையில் உட்கார்ந்தார். நேரமும் வேகமும் மாணவர் கையில் என்ற அந்த விதியை, ஒரு கணினிகூட இல்லாமல் அட்டைகளை வைத்தே அந்த வகுப்புகள் நடைமுறைக்குக் கொண்டுவந்தன.

அதனால் சாதனத்தின் மேல் சொல்லைக் கட்ட வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். சென்னையில் ஒரே போனை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டுக்கொள்ளும் வீடுகள் ஏராளம். அந்தப் போனும் பகலெல்லாம் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 'காணொளி வகுப்பு' என்று பெயர் வைத்துவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருமுன்பே வெளியே நிற்கும். முன்கற்றல் என்றால் பாடநூலின் நான்கு பக்கமும் முன்கற்றல்தான், பள்ளியின் கணினி ஆய்வகத்தில் மாலையில் பார்க்கும் காணொளியும் முன்கற்றல்தான். டைரியில் ஆசிரியர் இப்படி எழுதி அனுப்பினால் எந்த வீட்டுக்கும் புரியும்: 'நாளை அறிவியல், முன்கற்றல் வகுப்பு. மோல் பகுதியை வாசித்து, அல்லது பக்கத்தில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து பார்த்து, புரியாத ஒரு கேள்வியை எழுதி வரவும்.'