உங்கள் மென்பொருளின் முதலாளி மாறிவிட்டாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் மளிகைக் கடை அண்ணன் ஒருவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பென் டிரைவில் பேக்கப் இருந்ததால் கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டேன். புது டிஸ்க் மாட்டி, பில் போடும் மென்பொருளை மறுபடி ஏற்றி, உரிம எண்ணைத் தட்டினால், அந்த எண்ணைச் சரிபார்க்கும் சர்வரே இல்லை. அந்த மென்பொருளைச் செய்த சின்ன நிறுவனத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, மென்பொருளை நிறுத்தியிருக்கிறது. முன்கூட்டியே மின்னஞ்சலும் வந்திருக்கிறது, அண்ணன் திறந்து பார்க்கவில்லை. தோட்டத்து வீடுகளின் கடன் கணக்கு முழுக்க அதில்தான்.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த கம்பெனிய வாங்கி ஏன் தம்பி மூடணும்?" என்றார்.

வாங்கியவருக்கு அந்தப் பொருளே தேவைப்பட்டிருக்காது. 2008-இல் ஆப்பிள் 27.8 கோடி டாலர் கொடுத்து பி.ஏ. செமி என்ற சிறிய சிப் நிறுவனத்தை வாங்கியது. அவர்கள் விற்றுவந்த சிப்பை ஆப்பிள் தன் கணினிகளில் போடவே இல்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்பை வடிவமைக்கத் தெரிந்த பொறியாளர்கள் வேண்டும், அவ்வளவுதான். 2010-இல் ஐபேடுக்குச் சொந்த சிப் வந்தது, 2020-இல் மேக் கணினிக்கும் வந்தது. 1996 கடைசியில், ஆப்பிளை விட்டுப் போன ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கிய நெக்ஸ்ட் என்ற கணினி நிறுவனத்தை வாங்க ஆப்பிள் முடிவெடுத்த கதை வேறு. ஆப்பிளின் சொந்தப் புது இயங்குதள முயற்சி தோற்றுப்போயிருந்தது, அடித்தளமாக வைக்க உருப்படியான ஒன்று உடனே வேண்டியிருந்தது. ஜாப்ஸும் அதோடுதான் திரும்பி வந்தார்.

பயனாளரை நேராகத் தாக்கும் காரணம் இன்னொன்று: வாங்கிய நிறுவனம் தன் கணினிகளை அதிகம் விற்கப் பார்ப்பது. 2002-இல் இசைப்பதிவு மென்பொருள் செய்யும் எமேஜிக்கை ஆப்பிள் வாங்கியது, அவர்களுடைய லாஜிக் என்ற மென்பொருளின் விண்டோஸ் பதிப்பு அந்த வருடமே நின்றுபோனது. அதை வைத்துத் தொழில் செய்தவர் மேக் வாங்க வேண்டும், இல்லையென்றால் வேறு மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும். வாங்கியவர் மனம் மாறுவதும் உண்டு. எச்பி 2010-இல் கைபேசி செய்த பாம் நிறுவனத்துக்கு 120 கோடி டாலர் கொடுத்தது, அடுத்த வருடம் ஜூலையில் பாமின் இயங்குதளத்தோடு ஒரு டேப்லெட் விட்டது, ஆகஸ்டிலேயே கைவிட்டது.

கைமாறுவது நம்மவர்களுக்குப் புதிதா என்ன? ஐம்பதுகளில் வெள்ளைக்காரர்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது வாங்கியவர்களுக்கு நிலம்தான் வேண்டியிருந்தது, துண்டு போட்டு விற்றார்கள், பால் மரம் வெட்டிய சனம் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்தது. எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான். அந்த நாளில் கேட்ட கேள்வியைத்தான் மென்பொருளிலும் கேட்கச் சொல்கிறேன்: வாங்கியவருக்கு இதில் எது வேண்டும், நான் அதற்குள் இருக்கிறேனா?

பதில் தெரிய ரொம்ப நாள் ஆகாது. புது உரிமம் விற்கிறார்களா, விண்டோஸ் பதிப்புக்கு அப்டேட் வருகிறதா, உதவி எண்ணில் ஆள் எடுக்கிறாரா என்று பாருங்கள். இதில் ஒன்று நின்றாலே, மென்பொருள் திறக்கிற நிலையில் இருக்கும்போதே கணக்கு முழுவதையும் எக்செல் கோப்பாக எடுத்துவிடுங்கள். பேக்கப் என்று பொத்தானை அழுத்தி எடுக்கிற கோப்பு போதாது, பெரும்பாலும் அதே மென்பொருளுக்குத்தான் அது புரியும். அப்புறம், பழைய கணினியை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள், உரிமம் உயிரோடு இருப்பது அதில் மட்டுமாக இருக்கலாம். ஆங்கில மின்னஞ்சல் புரியவில்லையென்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்ல நான் காசு வாங்குவதில்லை.

அண்ணனின் பேக்கப் கோப்பை வேறு டேட்டாபேஸ் கருவியால் திறந்து பார்த்தேன். பெயரும் தொகையும் வந்தன, தேதிகள் வரவில்லை. சம்பளம் போட்டு ஆட்கள் கடைக்கு வரும்போது ஒவ்வொருவரிடமும் கேட்டு, நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.