சான்றிதழ் இல்லையென்று சொல்லிப் புகாரைத் தள்ள முடியாது

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய், ஆட்டிசம் உள்ள தன் மகனின் கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மதுரை ஆட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசிப் பக்கம் முழுவதும் மற்றப் பிள்ளைகளின் கையெழுத்தில் 'லூசு', 'மெண்டல்' என்று கிறுக்கியிருந்தது. பள்ளியில் முறையிட்டபோது, "40 சதவீத மாற்றுத்திறன் என்று சான்று இருக்கிறதா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அந்தக் கேள்வியே தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் உள்ள 40 சதவீத அளவு, இட ஒதுக்கீடு, 18 வயது வரை இலவசக் கல்வி போன்ற சலுகைகளுக்கானது; பிள்ளை கண்ணியத்தோடு படிப்பதற்கு அந்த அளவு நிபந்தனை அல்ல. ஏடிஎச்டி (கவனக் குறைவு, மிகைத் துறுதுறுப்பு) மட்டும் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தச் சட்டம் தரும் 21 வகை மாற்றுத்திறன்களின் பட்டியலில் ஏடிஎச்டி இல்லாததால், சான்றுக்காக அலைந்து மாதங்களை இழந்துவிடாதீர்கள். ஆசிரியரே பிள்ளையை அவமானப்படுத்தினால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் காட்டிக் கேளுங்கள். அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம்.

வாய்மொழியாகச் சொன்ன புகார் மறுநாளே காணாமல் போய்விடும். எந்த நாளில், யார், என்ன செய்தார்கள் என்று எழுதி இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் தலைமையாசிரியரின் கையொப்பமும் முத்திரையும் வாங்குங்கள்; மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தத் தாய் நோட்டுப் பக்கத்தைக் கிழித்தெறிய நினைத்திருந்தார். வேண்டாம், அதுதான் சாட்சி. படம் எடுத்து மனுவோடு இணைக்க வேண்டும்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு, பல நேரங்களில் கல்வி அலுவலகம் வழியாக இறங்கி, புகாருக்கு உள்ளான பள்ளியிடமே விளக்கம் கேட்பதோடு முடிந்துவிடுகிறது. ஆகவே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு படி அனுப்புங்கள். அடி, மிரட்டல் என்று போயிருந்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி நிர்வாக நடுவரான கோட்டாட்சியரிடம் நேரடியாக மனுச் செய்யலாம். காவல் நிலையத்தில் "பிள்ளைகள் சண்டைதானே" என்பார்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

"வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, நீங்களே மாற்றுச் சான்றிதழ் கேட்பதாக எழுதித் தரச் சொன்னால் கையெழுத்திட வேண்டாம். எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையை வெளியேற்றக் கல்வி உரிமைச் சட்டத்தில் இடமில்லை என்பதால்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அந்த நிலை வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம், அதற்கு வருமான வரம்பும் கிடையாது.